தண்ணியில கரைஞ்சா கள்ளத்தேன் எண்டு ஆர் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கட பத்திரிகையில சுத்தமான தேனைக் கண்டுபிடிக்கிற வழிகள் எண்டு ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. தீக்குச்சியைத் தேனில தோய்ச்சு உரசினா எரியோணும், தண்ணியில விட்டா கரையாமல் அடியில போய் இருக்கோணும், பேப்பரில விட்டா ஊறக்கூடாது, எறும்பு வரக்கூடாது, நாய் நக்காது, இப்பிடி ஒரு வரிசை. வாசிச்சாப் பிறகு எனக்கு எழுதாமல் இருக்க ஏலேல்ல. ஏனெண்டா உந்தச் சோதினைகளை நம்பித்தான் கனபேர் எங்கட வன்னியில காட்டுக்க போய்த் தேன் எடுக்கிற சனத்தைக் கள்ளர் எண்டு மூஞ்சைக்கு நேர சொல்லிப்போட்டுப் போகினம், அதே நேரத்தில சீனியையும் சக்கரையையும் இறுக்கமாக் காய்ச்சி போத்தலில அடைச்சு விக்கிறவன் உதெல்லாத்திலயும் பாஸ் பண்ணிப் போறான்.

நான் ஒட்டுசுட்டான் பக்கம். வீட்டு வளவுக்க தென்னை நிழலில பெட்டி வைச்சுத் தேனீ வளர்க்கிறன், காட்டுத்தேன் எடுக்கிற ஆக்களிட்டயும் வாங்கித் தெரிஞ்ச ஆக்களுக்குக் குடுக்கிறன். அதால இது எனக்குச் சும்மா பொழுதுபோக்குக் கதை இல்லை.

முதல் அந்தச் சோதினைகள் என்னத்தைப் பார்க்குது எண்டு பாருங்கோ. தீக்குச்சி, தண்ணி, பேப்பர் மூண்டும் பார்க்கிறது ஒண்டையே, தேனில தண்ணி எவ்வளவு, தேன் எவ்வளவு இறுக்கம் எண்டதை மட்டும். சீனிப்பாணியைத் தேனளவு இறுக்கத்துக்குக் காய்ச்சினா அதில தோய்ச்ச குச்சியும் எரியும், அதுவும் தண்ணிக்கு அடியில போய்ப் படுக்கும், பேப்பரிலயும் லேசில ஊறாது. மாறி, மழை ஈரத்தில எடுத்த உண்மையான காட்டுத்தேன் தண்ணியில கெதியாக் கரையும், பேப்பரையும் நனைக்கும். அப்ப எது கள்ளத்தேன்? எறும்பு இனிப்பு எங்க கிடந்தாலும் வரும், நாய் நக்கிறதும் நக்காததும் நாயின்ர குணம். இப்ப ரிக்ரொக்கில இன்னொண்டு ஓடுது, கோப்பையில தேனை விட்டு மேல தண்ணி ஊத்தி ஆட்டினா தேன்வதை மாதிரி அறுகோணம் வரும், தேனுக்குத் தன்ர கூட்டின்ர ஞாபகம் இருக்காம் எண்டு. அது இறுக்கமான பாணிக்கு மேல தண்ணி அசையேக்க வாற கோலம், சீனிப்பாணியிலயும் வரும். ஞாபகமும் இல்லை ஒண்டுமில்லை.

தேன் எப்பிடி உண்டாகுது எண்டு தெரிஞ்சா இந்தத் தண்ணிக் கதை விளங்கும். தேனீ பூவில இருந்து உறிஞ்சிக்கொண்டு வாற இனிப்புத் தண்ணியில பாதிக்கு மேல வெறும் தண்ணிதான், மிச்சத்தில கனக்க இருக்கிறது நாங்கள் தேத்தண்ணிக்குப் போடுற சீனியில இருக்கிற அதே சுக்குரோஸ். தேனீ அதை வயித்துக்குப் பக்கத்தில இருக்கிற தேன்பையில கொண்டுவந்து கூட்டில நிக்கிற மற்ற தேனீயளுக்குக் குடுக்க, அதுகள் வாய் மாத்தி வாய் மாத்தி நொதியம் கலந்து சுக்குரோஸை உடைச்சுக் குளுக்கோஸும் பிரக்டோஸும் ஆக்கும். பிறகு வதையில வைச்சு இரவு பகலாச் சிறகடிச்சுக் காத்து வீசி வத்தப்பண்ணும். தண்ணி ஒரு 18, 20 வீதத்துக்கு இறங்கினாத்தான் மெழுகால மூடி போடும். மூடின வதையை எடுத்தா இறுக்கமான தேன், மூடாததை அவசரப்பட்டு எடுத்தா தண்ணித்தேன். ரெண்டிலயும் ஒரு துளி சீனி ஆரும் கலக்கேல்ல. கோடெக்ஸ் எண்ட சர்வதேச உணவுத் தரத்தில பொதுவாத் தேனுக்குத் தண்ணி 20 வீதத்துக்கு மேலயும் சுக்குரோஸ் 5 வீதத்துக்கு மேலயும் இருக்கக்கூடாது எண்டு போட்டிருக்கு, ஆனா எங்கட மாதிரி வெக்கையும் ஈரமும் உள்ள நாட்டில பொந்துத்தேன் பலமுறை 20ஐத் தாண்டும். அது கலப்படம் ஆகாது, கெதியாப் புளிக்கும் எண்டதுதான் பிரச்சினை. தேனில எப்பவும் இருக்கிற ஒருவகை மதுவம் (ஈஸ்ட்) தண்ணி கூடினவுடன வேலையைத் துவங்கிடும், நுரைக்கும், போத்தில் மூடி டப் எண்டு கிளம்பும். நுரைச்ச தேனைக் கண்டா சீனி எண்டு நினைக்கிற சனம் இருக்கு. மூடாத வதையை எடுத்திருக்கினம் எண்டதுதான் அங்க பெரும்பாலும் காரணம்.

இனி தேனீக்கு வருவம், இதில தான் சனம் கூடுதலாக் குழம்புது. எங்கட காட்டில தேன் வைக்கிற தேனீ ஒரு சாதி மட்டும் இல்லை.

பெருந்தேனீ, சிலர் மலைத்தேனீ எண்டும் சொல்லுவினம், சிங்களத்தில பம்பர, ஆய்வாளர் ஏபிஸ் டோர்சாட்டா எண்டு சொல்லுறது. உயரமான மரக்கொப்பிலயும் பாறையிலயும் வெளியால தொங்கிற ஒரே ஒரு பெரிய வதை, ஒரு மீற்றருக்கு மேலயும் அகலம் வரும். பெட்டிக்க வைச்சு வளர்க்க ஏலாது, பூ முடிஞ்சா கூட்டமா எழும்பி வேற பக்கம் போயிடும், பிறகு பூக்காலத்துக்குத் திரும்பி வரும். கொட்டினா உயிருக்கே ஆபத்து. இதின்ர வதையில மேல்பக்கம் தடிச்ச பாகத்தில தான் தேன், கீழ எல்லாம் புழுவும் முட்டையும். இந்தத் தேனைத்தான் போத்தில் கணக்கில எடுக்கலாம். வெட்டவெளியில தொங்கிற வதை எண்டபடியா மழை ஈரத்துக்கு இது கெதியில தண்ணியாகும்.

பொந்துத்தேனீ, ஏபிஸ் செரானா, இருட்டான இடந்தான் அதுக்கு விருப்பம், மரப்பொந்து, கறையான் புத்து, இடிஞ்ச வீட்டுச் சுவர், சில நேரம் கவிழ்த்து வைச்ச பானை. ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டா அடுக்கடுக்கா வதை கட்டும். நாங்கள் பெட்டியில வளர்க்கிறதும் இதையேதான். சித்த வைத்தியத்தில பொந்துத்தேன், புற்றுத்தேன், மனைத்தேன் எண்டு தனித்தனியாச் சொல்லுவினம், மூண்டையும் வைக்கிறது பெரும்பாலும் இந்த ஒரே தேனீ, இருக்கிற இடமும் பக்கத்தில பூக்கிற மரமும் தான் வேற.

கொம்புத்தேன் வைக்கிறது சின்னத் தேனீ, ஏபிஸ் புளோரியா. பத்தைக்குள்ள ஒரு சுள்ளியைச் சுத்தி உள்ளங்கை அகலத்தில ஒரு வதை, அவ்வளவுதான். அதில வாறது கொஞ்சத் தேன், ஒரு போத்தில் நிரப்ப எத்தினை கூடு அழிக்கோணும் எண்டு யோசியுங்கோ. அதால ரோட்டுக்கரையில ஒருத்தர் பத்துப் பதினைஞ்சு போத்திலை அடுக்கி வைச்சுக்கொண்டு "எல்லாம் தனிக் கொம்புத்தேன்" எண்டு சொன்னா அங்க கொஞ்சம் நிதானிச்சுக் கேள்வி கேளுங்கோ.

கடைசியா கொசுத்தேன். இலையானை விடச் சின்னன், கொட்டத் தெரியாது, சுவர் வெடிப்பிலயும் மரத் துவாரத்திலயும் இருக்கும், மெழுகும் மரப்பிசினும் கலந்து சின்னச் சின்ன முட்டி செய்து அதுக்க தேன் வைக்கும். இந்தத் தேன் ருசியில புளிப்பா இருக்கும், தண்ணி மாதிரி ஓடும், ஒரு பிசின் மணம் இருக்கும். உங்கட பெட்டிச் செய்தியின்ர கணக்குப்படி இது ஒரு சோதினையிலயும் தேறாது, ஆனா ஊரில வைத்தியத்துக்கு எண்டு தேடித் திரிஞ்சு வாங்கிறது இதைத்தான், விலையும் மற்றதுகளை விடக் கூட.

சூப்பர்மார்க்கெட்டில கண்ணாடிப் போத்திலில வாற வெளிநாட்டுத் தேன் பெரும்பாலும் ஏபிஸ் மெலிபெரா எண்ட மேற்கத்தைய தேனீயின்ர தேன், அது எங்கட தேனீயை விடப் பல மடங்கு தேன் சேர்க்கும், பெரிய பண்ணையில எடுத்து வடிச்சுச் சூடாக்கிக் கலந்து எல்லாப் போத்திலும் ஒரே நிறம் ஒரே ருசி வரப் பண்ணுவினம். அதைப் பாத்துப் பழகின கண்ணுக்கு எங்கட தேன் போத்திலுக்குப் போத்தில் வேறயா இருக்கிறது சந்தேகமாத் தெரியுது. உண்மையில வேறயாத்தான் இருக்கோணும். மாரி முடிஞ்சு காடு பூக்கத் துவங்கினா ஒரே நேரத்தில எல்லாம் பூக்காது, பாலை ஒரு நேரம், வீரை ஒரு நேரம், முதிரை, இலுப்பை, வேம்பு, புளி, நாவல் எண்டு ஒண்டு மாறி ஒண்டு வரும், வீட்டு வளவுகளில தென்னையும் முருங்கையும். ஒரே தேனீ ஒரே மரத்தில வைச்ச தேனே ரெண்டு மாசத்தில நிறம் மாறும். மலைநாட்டில யூக்கலிப்டஸ் பூத்தேன், ஈரவலயத்தில ரப்பர் தேன் (அது பூவில இல்லை, இலைக்காம்பில ஊறுற இனிப்பில இருந்து வாறது), அதுகளும் இலங்கைத் தேன் தான், எங்கட தேனுக்கு ஒரு சாயலும் இருக்காது. நியூசிலாந்து மனுக்கா தேனை அந்த விலைக்கு விக்கிறதே அந்த ஒரு செடியின்ர பூவால தேனில சேர்ற மெதில்கிளையொக்சால் எண்ட பொருளை அளந்து லேபலில போட்டுத்தான். கறுப்புத் தேன் நல்லது வெள்ளைத் தேன் கூடாது எண்டும் இல்லை, மாறியும் இல்லை.

இன்னொரு பெரிய சண்டை, தேன் உறையிறது. இது வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்களால கூடுதலா வாறது. இஞ்சயிருந்து கனடாவுக்கு ஆசையாக் கொண்டுபோன தேன் அங்க குளிருக்குச் சீனி மாதிரிக் கட்டியாப் போக, போன் எடுத்து "சீனியைக் கலந்து ஏமாத்திப்போட்டாங்கள்" எண்டு அழாக்குறையாச் சொல்லுவினம். தேனில இருக்கிற குளுக்கோஸுக்கு அந்தளவு தண்ணியில முழுக்கக் கரைஞ்சு நிக்க ஏலாது, அதால மெல்ல மெல்லப் பளிங்காகும். 14 பாகை அளவில அது கெதியா நடக்கும், எங்கட வவுனியா முல்லைத்தீவு வெயிலில மெதுவா நடக்கும், பிறிட்ஜில வைச்சா இஞ்சயும் நடக்கும். பிரக்டோஸ் கூடின தேன் நாளெடுக்கும், குளுக்கோஸ் கூடினது கெதியா உறையும், அது பூவைப் பொறுத்தது. உறைஞ்சதை வைச்சுக் கலப்படம் எண்டும் சொல்ல ஏலாது, உறையாததை வைச்சுச் சுத்தம் எண்டும் சொல்ல ஏலாது. கை தாங்கிற சூட்டுத் தண்ணிக்குள்ள போத்திலை வைச்சா திரும்ப இளகும். அடுப்பில நேர வைக்காதேங்கோ, மைக்ரோவேவும் வேண்டாம், சூடு கூடினா நொதியங்கள் செத்துப்போகும், எச்.எம்.எப். எண்ட ஒரு பொருள் ஏறும். அந்தப் பொருளை வைச்சுத்தான் தேன் சூடுபட்டதா பழசா எண்டு லாப்பில பார்க்கிறவை, கோடெக்ஸில கிலோவுக்கு 40 மில்லிகிராம் எல்லை, வெப்ப நாட்டுத் தேனுக்கு 80 வரைக்கும் விடுகினம். ஏ9 ரோட்டுக்கரையில நாள் முழுக்க உச்சி வெயிலில போத்திலை அடுக்கி வைக்கிற எங்கட விக்கிற ஆக்களும் இதைக் கவனிக்கோணும், நல்ல தேனை நாங்களே பழுதாக்கிறம். ஒரு ஓலைக் கொட்டில் நிழல் போதும்.

எடுக்கிற விதத்திலயும் எங்கட பக்கம் பிழை இருக்கு, அதையும் சொல்லத்தான் வேணும். பெருந்தேன் வதையைப் புழுவோட முட்டையோட முழுசா வெட்டிக் கையால பிழிஞ்சா கலங்கின தேன் வரும், புழுச்சாறும் மகரந்தமும் சேர்ந்து கெதியாப் புளிக்கும், கூடும் அழிஞ்சுபோம். மேல்பக்கத் தேன் பாகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பிழியாமல் துணியில கட்டித் தொங்கவிட்டுத் தானா வடிய விட்டா தெளிஞ்ச தேன் வரும், கன நாளைக்கு நிக்கும், விலையும் கூடக் கேக்கலாம், புழுப்பாகம் மிஞ்சினா தேனீயும் அங்கயே இருந்து திரும்பக் கட்டப் பார்க்கும். பந்தத்தால தேனீயைக் கொளுத்திறதை விட்டுப் பச்சை இலை தழையால புகை மட்டும் போடுங்கோ. இறங்கினாப் பிறகு நெருப்பைத் தண்ணி ஊத்தி அணைச்சுப்போட்டு வாங்கோ, கோடையில காட்டில ஒரு பொறி விழுந்தா வாற வரியத்துப் பூவும் இல்லை தேனும் இல்லை. பழைய ஆக்களுக்கு இதெல்லாம் தெரியும், இப்ப எல்லாத்திலயும் அவசரம்.

பெட்டித்தேனைப் பற்றியும் ஒரு சொல். பெட்டித்தேன் எண்டாலே சீனித்தேன் எண்டு ஒரு கதை உலாவுது. பூ இல்லாத மாரி நாளில தேனீ பட்டினியில செத்துப்போகாமல் இருக்கச் சீனித்தண்ணி வைக்கிறது உண்மைதான், எல்லா நாட்டிலயும் வைக்கிறவை. பூக்கத் துவங்கினவுடன அதை நிப்பாட்டி, பிறகு மேல்தட்டு போட்டு அதில நிரம்பிற தேனைத்தான் எடுக்கோணும். பூக்காலத்திலயும் சீனி வைச்சு எடுக்கிறவனும் இருக்கிறான், அவனால தான் எல்லாருக்கும் பேர் கெடுது. வதையை அது கட்டின மரச்சட்டத்தோட எடுத்து மெசினில சுத்தித் தேனை எடுத்தா வதை உடையாது, திரும்பப் பெட்டிக்க வைக்கலாம், புழுவும் சாகாது. பண்டாரவளை பிந்துனுவெவவில விவசாயத் திணைக்களத்தின்ர தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கு, இந்த வேலையைப் பழக விருப்பமான பெடியள் பெட்டையள் விசாரிச்சுப் பாருங்கோ. வெள்ளாமைக்கும் தோட்டத்துக்கும் மருந்தடிக்கிற ஆக்கள் பூ விரிஞ்சு நிக்கிற காலை நேரத்தை விட்டுப் பின்னேரம் அடிச்சா அரைவாசித் தேனீயாவது தப்பும், உங்கட பூசணியும் எள்ளும் காய்க்கிறதுக்கும் அதுகள் வேணும்.

உண்மையான கலப்படம் எங்க நடக்குது எண்டு பாத்தா, போத்தில் விக்கிற ஏழையை மட்டும் பிடிச்சுக்கொண்டு நிக்க மாட்டியள். 2020 மார்கழியில இந்தியாவில சி.எஸ்.ஈ. எண்ட அமைப்பு 13 பிராண்ட் தேனை எடுத்து ஜேர்மனியில என்.எம்.ஆர். எண்ட, தேனுக்க என்னென்ன பொருள் இருக்கு எண்டு காந்தத்தால பார்க்கிற சோதினைக்குப் போட்டது, மூண்டு தான் தேறினது. 2023ல ஐரோப்பிய ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கையில, இறக்குமதியான 320 மாதிரியில 147 சந்தேகத்துக்குரியது, கிட்டத்தட்ட 46 வீதம். கரும்புச் சீனியையும் சோளப்பாணியையும் அதில இருக்கிற காபன் அணு வகையைப் பார்க்கிற சோதினையால பிடிக்கலாம், அதுக்காக அரிசியில இருந்து பாணி செய்து கலக்கினம், அது அந்தச் சோதினையில தப்பிடும், அதால தான் என்.எம்.ஆர். வரைக்கும் போக வேண்டி வந்தது. கோடிக்கணக்கில காசு போட்டு மெசின் வைச்சுப் பிடிக்கிற களவை நாங்கள் ஒரு தீக்குச்சியால பிடிக்கலாம் எண்டு சனத்துக்குச் சொல்லலாமோ?

மருந்து எண்டு சொல்லித் தேனைக் குடுக்கிறதில ரெண்டு விசயத்தில மட்டும் கவனமா இருங்கோ. ஒரு வயசு ஆகாத பிள்ளைக்குத் தேன் நாக்கில தொட்டுக்கூட வைக்கக்கூடாது, எவ்வளவு சுத்தமான தேனிலயும் குளொஸ்ரிடியம் பொட்டுலினம் எண்ட கிருமியின்ர வித்து இருக்கலாம், பெரிய ஆக்களை அது ஒண்டும் செய்யாது, கைக்குழந்தையின்ர குடலில முளைச்சு நஞ்சு சுரந்து உடம்பைத் தளர்த்திப்போடும், உயிருக்கும் ஆபத்து. பேரப்பிள்ளையில பாசமான அம்மம்மா அப்பம்மா மாரிட்ட இதைக் கையெடுத்துக் கேக்கிறன். மற்றது சலரோகம் உள்ள ஆக்கள் "இது காட்டுத்தேன், ஒண்டும் செய்யாது" எண்டு கரண்டி கரண்டியாக் குடிக்கிறது. தேனில முக்கால்வாசிக்கு மேல சீனிதான், அது காட்டில இருந்து வந்தாலும் ரத்தத்தில ஏறும்.

அப்ப வாங்கிற ஆள் என்ன செய்யிறது? விக்கிற ஆளோட கதையுங்கோ. எந்தத் தேனீ, பெருந்தேனோ பொந்துத்தேனோ, எந்தப் பக்கத்துக் காடு, எந்த மாசம் எடுத்தது, பிழிஞ்சதா வடிச்சதா எண்டு கேளுங்கோ. காட்டுக்க போற ஆள் இதுக்கு நிண்ட இடத்தில பதில் சொல்லும், கூடக் கேட்டா மரம் நிண்ட இடத்தையும் சொல்லும். சொல்லத் தெரியாமல் முழுசினா வாங்காதேங்கோ. தராசு இருந்தா நிறுத்துப் பாருங்கோ, நல்ல தேன் ஒரு லீற்றர் கிட்டத்தட்ட 1.4 கிலோ, 750 மில்லிலீற்றர் சாராயப் போத்திலில நிறைய விட்டா போத்திலின்ர பாரத்தைக் கழிச்சு ஒரு கிலோவுக்கு மேல நிக்கோணும், குறைஞ்சா தண்ணி கூடிப்போச்சு. பாணி காய்ச்சினவனை இதால பிடிக்க ஏலாது, தண்ணி ஊத்தினவனைப் பிடிக்கலாம். மாரிக்கு எடுத்த தேன் எண்டா கெதியாப் பாவியுங்கோ, ஈரக் கரண்டி விடாதேங்கோ.

அதிகாரியள் ஆரும் இதை வாசிச்சா ஒரு சின்ன விசயம். ரிப்ராக்ரோமீற்றர் எண்டு ஒரு கைக்கருவி இருக்கு, ஒரு துளி தேனை விட்டு வெளிச்சத்துக்கு நேர பிடிச்சுப் பாத்தா தண்ணி எத்தினை வீதம் எண்டு அதிலயே தெரியும், கரண்டும் தேவையில்லை. ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலயும் ஒண்டு இருந்தா, தேன் எடுக்கிறவர் போத்திலைக் கொண்டுபோய்க் காட்டி வீதத்தையும் மாசத்தையும் தேனீயின்ர பேரையும் எழுதின ஒரு துண்டை ஒட்டிக்கொண்டு வரலாம். கிளிநொச்சி அறிவியல்நகரில விவசாய பீடம் இருக்கு, வவுனியாவில பல்கலைக்கழகம் இருக்கு, அங்க படிக்கிற பிள்ளையள் வன்னித் தேனில இருக்கிற மகரந்தத்தை நுணுக்குக்காட்டியில பாத்து எந்த மாசத்துத் தேனில எந்த மரம் எண்டு ஒரு பட்டியல் போட்டா, அதுக்குப் பிறகு பாலைத்தேன், வேப்பம்பூத்தேன் எண்டு பேர் போட்டே விக்கலாம். வாற மாரி முடிஞ்சு காடு பூக்கிறதுக்குள்ள ஒரே ஒரு கருவியாவது ஒட்டுசுட்டானுக்கோ நெடுங்கேணிக்கோ வந்து சேர்ந்தா, பழகிக் காட்டிறதுக்கு நான் என்ர நேரத்தைக் காசு வாங்காமல் குடுக்கத் தயார்.

இப்படிக்கு,
தேனீ வளர்க்கிற வாசகி,
ஒட்டுசுட்டான்.